அருளப்பன் என்றே எழுதுங்கள், சாமி

தமிழகத்துப் பங்குச் சாமிமார்களுக்கும், ஞானஸ்நான ஆயத்த வகுப்பு நடத்தும் உபதேசியார்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சாமிமார்களே, உபதேசியார்களே, தோத்திரம்.

என் தாத்தா பெயர் அருளப்பன். அப்பத்தா பெயர் அன்னம்மாள். ராமநாதபுரம் சீமையில், ஓரியூருக்கு ஒரு பகல் நடைதூரத்தில் உள்ள ஊர் எங்களுடையது. தாத்தா இறந்து ஐம்பது வருடம் ஆகிறது. அந்தப் பெயரைக் குடும்பத்தில் மறுபடி கூப்பிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்குமே இருந்தது. போன தையில் என் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். பிள்ளையைப் பெற்றவர்கள் இளவயதுக்காரர்கள். இருந்தும் தாங்களாகவே "பெரிய தாத்தா பேரையே வைப்போம்" என்றார்கள். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு உபதேசியார் தயங்கினார். "இந்தப் பேரு இப்ப புழக்கத்துல இல்லையேம்மா. பைபிள்லயே யோவான்னு மாத்தியாச்சு. ஜான்னு போட்டுக்குவோம், பின்னால பாஸ்போர்ட்டு எடுக்கவும் சுலபம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பெயர்தானே என்று பிள்ளையின் தகப்பனும் ஒத்துக்கொண்டான். ஜான் என்று எழுதியாகிவிட்டது. இரண்டும் ஒரே பெயர் என்பது உண்மைதான். அது எப்படி ஒரே பெயரானது என்று தெரிந்திருந்தால், அன்றைக்கு அந்த உபதேசியாரே பேனாவை நிறுத்தியிருப்பார் என்று நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எபிரேய மொழியில் அந்தப் பெயர் யோஹனான். 'யோ' என்பது ஆண்டவர் பெயரின் சுருக்கம். 'ஹனான்' என்றால் இரங்கினார், அருள் புரிந்தார். ஆண்டவர் அருளினார் என்ற ஒரு முழு வாக்கியமே அங்கே ஆண்பிள்ளைக்குப் பெயராக இருந்தது. அருளைக் குறிக்கும் இதே வேரிலிருந்துதான் ஹன்னா வந்தது, அதிலிருந்து அன்னா, அதிலிருந்து நம் வீட்டு அன்னம்மாள். என் தாத்தாவும் அப்பத்தாவும் ஒரே வேர்ச்சொல்லைப் பெயராகச் சுமந்துகொண்டு நாற்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அது அவர்கள் இருவருக்குமே தெரியாது.

யோஹனான் கிரேக்கத்துக்குப் போனபோது நடுவில் இருந்த 'ஹ' உதிர்ந்தது. கிரேக்க ஆண்பெயர்களுக்கு உரிய ஈறு ஒட்டிக்கொண்டு இயோவான்னேஸ் ஆனது. லத்தீனில் யோவான்னெஸ். அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிந்தது. இத்தாலியில் ஜொவான்னி, ஸ்பெயினில் ஹுவான், பிரான்சில் ழான், ஜெர்மனியில் யோஹான், செல்லமாக ஹான்ஸ். ரஷ்யாவில் இவான், ஸ்காட்லாந்தில் இயன், அயர்லாந்தில் ஷான், வேல்ஸில் எவன், ஆர்மீனியாவில் ஹோவான்னெஸ். அரபு பேசும் கிறிஸ்தவர்கள் யூஹன்னா என்பார்கள். இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த யோவானை நம் ஊர் இஸ்லாமியர்கள் யஹ்யா நபி என்கிறார்கள், பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். பக்கத்து மலையாளத்தில் சிரியாக் மொழி வழியாக வந்த யோஹன்னான் இருக்கிறது. அது நாட்டு வாயில் விழுந்து உலஹன்னான் ஆனது, லோனப்பன் ஆனது. லோனப்பன் என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கேயும் ஓர் அப்பன்!

இந்த நாடுகள் எல்லாம் ஒலியைத்தான் கொண்டுபோயின. அவரவர் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். இவான் என்று மகனைக் கூப்பிடும் ரஷ்யத் தாய்க்கு, ஷான் என்று கூப்பிடும் அயர்லாந்துத் தாய்க்கு, அந்த ஒலிக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. நம் தமிழில் வேறொன்று நடந்தது. ஒலியை விட்டுவிட்டுப் பொருளைத் தமிழாக்கினார்கள். அருள், அப்பன். என் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அருளப்பன் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெயரின் வார்ப்பைப் பாருங்கள். மாரியப்பன், கண்ணப்பன், ஐயப்பன், அருளப்பன். எங்கள் தெருவில் இவர்கள் எல்லோரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். எந்த வீட்டில் எந்தச் சாமிக்கு விளக்கு எரிகிறது என்பதைப் பெயரை வைத்துப் புதிதாக வந்த தபால்காரர் சொல்லிவிட முடியாது. அருள் என்ற சொல்லோ இந்த மண்ணின் சொல். சைவர்கள் இறைவனின் ஐந்தொழிலில் கடைசியாக வைத்தது அருளல். அருளை அன்பு ஈன்ற குழந்தை என்றார் வள்ளுவர். பிள்ளைக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான சொல் எது, சொல்லுங்கள்.

பவுலுஸ் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், நாம் சின்னப்பர் என்றோம். ஸ்தெபானோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, நாம் முடியப்பர் என்றோம். லியோ என்றால் சிங்கம், அவர் சிங்கராயர். பெனடிக்ட் ஆசீர்வாதம் ஆனார். கல்லறைத் தோட்டத்தில் பழைய சிலுவைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் இந்தப் பெயர்கள் வரிசையாக வரும். புதிய கல்லறைகளில் குறைந்துகொண்டே போவதும் கண்ணில் படும்.

அருளப்பர் என்ற பெயரோடு இந்த மண் எப்படிக் கலந்தது என்பதற்கு எங்கள் ஓரியூரே சாட்சி. 1647ல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாக வளர்ந்த ஒருவர், 1673ல் கோவாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். அவர் பெயர் போர்ச்சுகீசிய மொழியில் ஜுவாவ் தெ பிரித்தோ. நம் யோஹனானின் இன்னொரு வடிவம். இயேசு சபைக் குருவாக மதுரை மிஷனுக்கு வந்ததும் காவி உடுத்தினார், பண்டார சாமியாக ஊர் ஊராக நடந்தார், தம் பெயரை அருளானந்தர் என்று வைத்துக்கொண்டார். ஜுவாவுக்குள் இருந்த அருளை அவர் தமிழில் எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி, ஓரியூர் மணலில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947ல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது. எங்கள் வீட்டில் ஓரியூர்ச் செம்மண் ஒரு சின்ன டப்பாவில் இன்னும் இருக்கிறது. தாத்தா ஒவ்வொரு பிப்ரவரியும் நடந்துபோய் எடுத்து வருவார். "அவரு பேரும் என் பேரும் ஒண்ணுதான்" என்று எங்களிடம் சொல்வார். சிறுவயதில் அது வெறும் பெருமைப் பேச்சு என்று நினைத்தேன். தாத்தா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி என்று புரிந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1726ல் முடித்த தேம்பாவணிக் காவியத்தில் சூசையப்பரை, அதாவது யோசேப்பை, வளன் என்று அழைத்தார். எபிரேய யோசேப்பில் பெருகட்டும் என்ற பொருள் இருக்கிறது அல்லவா, அதனால் வளன். திருமுழுக்கு யோவானுக்கு அவர் இட்ட பெயர் கருணையன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கருணையன் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்யும் பாடல்கள் இருக்கின்றன. பணி ஓய்வுக்கு முந்தைய வருடம் அந்தப் பாடத்தை நான் நடத்தினேன். தாயின் உடலை மலர்ப்படுக்கையில் கிடத்தி, மண்ணுக்குள் வைத்து, பூவோடு கண்ணீரையும் சேர்த்துச் சொரிகிறான் மகன். வகுப்பு அமைதியாக இருந்தது. "இந்தக் கருணையன் பெயர் உள்ளவர் இந்த வகுப்பில் ஒருவர் இருக்கிறார், எழுந்திருங்கள்" என்றேன். யாரும் எழவில்லை. மூன்றாவது பெஞ்சில் இருந்த ஜானைக் கைகாட்டினேன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ சொல்கிறேன் என்று.

கரும்பலகையில் யோஹனான், யோவான், ஜான், அருளப்பன், கருணையன் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பொருள் சொன்னேன். மணி அடித்த பிறகு அவன் மட்டும் நின்று அந்த ஐந்தையும் நோட்டில் எழுதிக்கொண்டான். கோவிலுக்குத் தவறாமல் போகும் வீட்டுப் பிள்ளை அவன். பதினைந்து வருடம் அவன் பெயரின் பொருளை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாமிமார்களே, அந்தக் குறை நம் எல்லோருடையதும்தான், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

1995ல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தபோது அருளப்பர் யோவான் ஆனார், இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து வாசிக்க ஒரே வேதம் வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதை நான் எதிர்க்கவில்லை. மூலமொழி ஒலியை ஒட்டிப் பெயரை எழுதுவதற்கும் நியாயம் உண்டு. ஆனால் நற்செய்தி வாசகத்தில் ஒரு புனிதரை எப்படிக் குறிப்பிடுவது என்பது வேறு, ஒரு தமிழ்க் குடும்பம் தன் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்பது வேறு. முதலாவதை மாற்றியதால் இரண்டாவதும் காலாவதியாகிவிட்டது என்று யாரும் ஆணை போடவில்லை. சொல்லப்போனால் அந்தப் பெயர் நம் சபைக்கு மட்டும் உரியதாகவும் இருந்ததில்லை. 1810 முதல் 1867 வரை வாழ்ந்த சுவிசேஷகர் ஜான் கிறிஸ்தியன் அருளப்பன் தென்பாண்டிச் சீமையில் ஊழியம் செய்த சீர்திருத்த சபைக்காரர். அவர் பெயரின் முன்னும் பின்னும் ஒரே யோஹனான் நிற்கிறார். நம் பக்கத்தில் 1987 வரை சென்னை மயிலைப் பேராயராக இருந்தவர் இரா. அருளப்பா. பேராயரே சுமந்த பெயரை ஒரு கைக்குழந்தைக்கு மறுக்கலாமா?

திருச்சபைச் சட்டமும் தடை சொல்லவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் இடப் பார்த்துக்கொள்ளும்படி பங்குச் சாமியைப் பணித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 855ஆம் விதி கேட்பதெல்லாம், கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இருக்கக் கூடாது என்பது மட்டுமே. பழைய விதிப்படி பார்த்தாலும் புதிய விதிப்படி பார்த்தாலும் அருளப்பன் என்ற பெயருக்கு ஒரு குறையும் இல்லை.

பாஸ்போர்ட்டு சுலபம் என்றார் அந்த உபதேசியார். அதற்கு எங்கள் வீட்டுக் கதையே பதில். தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு லத்தீனில் இருக்கிறது. மங்கிப்போன மையில், சாய்ந்த எழுத்தில் 'யோவான்னெஸ்' என்று நானே விரல் வைத்துப் படித்தேன். நிலப்பட்டாவில் அருளப்பன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் யாரோ ஒரு தலைமையாசிரியர் ஜான் என்று எழுதியிருக்கிறார். நிலத்தைப் பங்கு பிரிக்கப் போன இடத்தில் அலுவலர் மூன்று தாளையும் மேசையில் பரப்பிவைத்து, "இது மூணு ஆளுல்ல?" என்றார். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க எட்டு மாதம் அலைந்தோம். பிரமாணப் பத்திரம், சாட்சிக் கையெழுத்து, மறுபடி கோவில் அலுவலகம், மறுபடி அதே மேசை. அப்பாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. கூப்பிடும் பெயரை அப்படியே எழுதியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. எழுதும் இடத்தில் நாம் பெயரை மாற்றுவதுதான் பின்னால் வரும் சிக்கலுக்கு விதை.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இதே காட்சி இருக்கிறது. எட்டாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூடியவர்கள் தகப்பன் பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். தாய் ஒத்துக்கொள்ளவில்லை, யோவான் என்றே வைக்க வேண்டும் என்கிறார். உன் சொந்தத்தில் யாருக்கும் இந்தப் பெயர் இல்லையே என்கிறார்கள். பேச்சிழந்திருந்த செக்கரியா எழுதுபலகை கேட்டு வாங்கிப் பெயரை எழுதுகிறார். அந்தக் கணமே அவர் நாவு கட்டவிழ்கிறது. பெற்றவர்கள் சொன்னதே அங்கே நின்றது. 1958ல் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருபத்துமூன்றாம் யோவான் என்ற பெயரை எடுத்தபோது, இது எங்கள் தகப்பனார் பெயர், அதனால் எமக்கு இனியது என்றார். என் தங்கை வீட்டார் கேட்டதும் அதேதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆயத்த வகுப்பில் பெயர் பற்றிப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஜான் என்று வைக்க வருகிறவர்களிடம், இதற்குத் தமிழில் அருளப்பன் என்று பெயர், பெண்பிள்ளை என்றால் அருளம்மாள் என்று சொல்லிவையுங்கள். கேட்டுவிட்டு ஜான் என்றே வைத்தால் வைக்கட்டும், அதுவும் நல்ல பெயர்தான். அருளப்பன் என்று கேட்டு வருகிறவர்களை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். பழைய லத்தீன் பதிவுகளுக்கு நகல் கொடுக்கும்போது, குடும்பம் ஆதாரம் காட்டினால், வழங்கிய பெயர் அருளப்பன் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். அந்த ஒரு வரி வயதானவர்களை எத்தனையோ மேசைகளிலிருந்து காப்பாற்றும்.

ஜூன் 24 திருமுழுக்கு யோவான் பிறந்த திருநாள். அன்றைய பிரசங்கத்தில் ஒரே ஒரு முறை பழைய பெயரைச் சொல்லுங்கள். கோவிலில் இருக்கும் கிழவர்கள் நிமிர்ந்து பார்ப்பதை நீங்களே காண்பீர்கள்.

எங்கள் பங்கின் பதிவேட்டில் என் தங்கை பேரனின் வரியில், கடைசியில் குறிப்புக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு, பிள்ளையின் தாயும் தகப்பனும் எழுதிய விண்ணப்பத்தோடு வருகிறோம், சாமி. ஜான் அப்படியே இருக்கட்டும். பக்கத்துக் கட்டத்தில் அருளப்பன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அருளப்பன் பேத்தி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை