யாருக்குக் காய்ச்சல்?

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை. நீ செய்முறை கேட்ட பன்னை இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இன்று சாயங்காலம் செய்தேன். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். விரலில் இன்னும் வெண்ணெய் வாசம்.

அண்ணன் கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. முழங்கால் ஆபரேஷன் என்றதும் நீ பயந்ததைவிட நான் அதிகம் பயந்தேன். மகன் குடும்பத்தோடு உன்னிடமே வந்துவிட்டதும் நல்லதுதான். ஆனால் ஏழு பேருக்கு ராத்திரி தோசை ஊற்றுகிறேன், கடைசித் தோசை நான் சாப்பிடும்போது சட்னி தீர்ந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தாய், பார். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

பன் செய்கிறேன் என்றதும் "மதுரைக்காரி பன் பரோட்டாவைத்தான் சொல்கிறாளா?" என்று கேட்டிருந்தாய். இல்லையடி. இது அமெரிக்காவில் சாப்பாட்டோடு வைக்கிற குட்டி ரொட்டி, டின்னர் ரோல் என்கிறார்களே, அது. மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி போய் ஆறு மாதம் இருந்தேன் அல்லவா? நவம்பர் நாலாவது வியாழக்கிழமை அவர்களுக்கு நன்றி சொல்லும் பண்டிகை. பக்கத்து வீட்டு அம்மாள், எழுபது தாண்டியவர், எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். வான்கோழி எனக்குச் சரிப்படவில்லை. துணி போட்டு மூடிய ஒரு கூடை மட்டும் கைக்குக் கை மாறி மேசையைச் சுற்றி வந்தது. ஆளுக்கு ஒரு ரோலை எடுத்துக்கொண்டு கூடையை அடுத்தவரிடம் தள்ளுகிறார்கள். ரோலைப் பிய்த்தால் பஞ்சு மாதிரி நூல் நூலாக வருகிறது, உள்ளிருந்து ஆவி வருகிறது. நான் நாலு தின்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தின்றேன்.

அந்த அம்மாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. சமைத்தவர் எழுந்து ஓடவே இல்லை. நான் கல்யாணமாகி வந்து 41 வருஷம் ஆகிறது. தோசைக்கல் முன்னால் நின்ற நேரத்தைக் கூட்டினால் எத்தனை மாதம் வரும் என்று யோசித்துப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. தோசையை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும், சூடாகத்தான் தின்ன முடியும். அதனால் ஊற்றுகிறவள் கடைசி. ரோல் ஒரே தடவையில் பதினாலும் வெளியே வந்துவிடும். இட்லியும் அப்படித்தானே என்பாய். சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் ராத்திரி இட்லி என்றால் பேரன் முகத்தை நீ பார்க்க வேண்டுமே.

அந்த அம்மாள் செய்த ரோல் நடுவில் மடித்து விட்ட மாதிரி இருந்தது. பாஸ்டனில் பார்க்கர் ஹவுஸ் என்று ஒரு பழைய ஓட்டலாம், 1855இல் திறந்தது. 1870களில் அங்கே பிறந்த வடிவம் அது என்று மகள் சொன்னாள். எனக்கு அந்த மடிப்பு வராது, வெறும் உருண்டைதான்.

ஊருக்கு வந்து செய்ததெல்லாம் தோல்வி. முதல் தடவை பாலை நன்றாகச் சூடாக்கி அதில் ஈஸ்டைப் போட்டேன். கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும் என்று அப்போது தெரியாது. மாவு சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. விடாப்பிடியாக ஓவனில் வைத்தேன். மாமாவுக்கு 84 வயது, புதுப் பல்செட். ஒரு கடி கடித்துவிட்டுப் பல்லைக் கழற்றி ஆராய்ந்தார்.

இரண்டாவது தடவை மே மாதம். அந்த அம்மாள் எழுதிக் கொடுத்தபடி ஒன்றரை மணி நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தேன். மதுரையில் மே மாதம் எந்த இடம் வெதுவெதுப்பில்லாமல் இருக்கிறது? மாவு பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி, அப்புறம் சப்பென்று அமுங்கிக் கள் வாசம் அடித்தது. இட்லி மாவு வெயில் காலத்தில் எவ்வளவு சீக்கிரம் பொங்கும் என்று தெரிந்தவள், இதில் மட்டும் கடிகாரத்தை நம்பியிருக்கிறேன், பார். அங்கே குளிரில் ஒன்றரை மணி நேரம் எடுத்த மாவு இங்கே முக்கால் மணியில் இரண்டு மடங்காகிவிடுகிறது. விரலை மாவில் தொட்டு ஒரு குழி போடு. குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதி மட்டும் மூடினால் பதம். மூடவே இல்லை என்றால் தாமதித்துவிட்டாய் என்று அர்த்தம்.

மூன்றாவது தடவை மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலே மேலே மைதாவைத் தூவினேன். ரோல் உப்பியது, ஆனால் மறுநாள் ரஸ்க். அப்போதுதான் மகள் போனில் ஒரு வழி சொன்னாள். கொஞ்சம் மைதாவை எடுத்து ஐந்து மடங்கு பாலில் கரைத்து, கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து மாவில் சேர்க்க வேண்டும். ஜப்பான், தைவான் பக்கம் பால் ரொட்டி அப்படித்தான் செய்கிறார்களாம். "அடி, இது சுவரொட்டி ஒட்டுகிற பசையல்லவா!" என்றேன். மதுரைக்காரியிடம் பசை காய்ச்சச் சொல்லித் தர வேண்டுமா? ஹாஸ்டல் ஆண்டுவிழாவுக்கு வண்ணத்தாள் ஒட்ட நீயும் நானும் மெஸ் அடுப்பில் காய்ச்சி, பாதி உன் தலைமுடியில் ஒட்டியதே, அதே பசைதான்.

அதில் சூட்சுமம் இதுதான். பச்சை மாவு குடிக்கிற தண்ணீர் கொஞ்சம். 65 டிகிரிக்கு மேல் சூடானால் மாவில் உள்ள ஸ்டார்ச் ஊதிப்போய் நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரம் ஓவனிலும் முழுசாகப் போவதில்லை. அதனால் மாவு கையில் ரொம்ப ஒட்டாது, ரோலும் இரண்டு மூன்று நாள் மெத்தென்றே இருக்கும்.

அளவு கேட்டாய். டம்ளர் கணக்கை மறந்துவிட்டு ஒரு சின்ன எடை மெஷின் வாங்கு. 25 கிராம் மைதா, 125 மில்லி பால், இது பசைக்கு. சின்னத் தீயில் கிண்டு. கரண்டி போன தடம் அடியில் தெரிந்ததும் இறக்கிவிடு. மாவுக்கு மைதா 425 கிராம், பால் 160 மில்லி, சர்க்கரை 45 கிராம், உப்பு 8 கிராம், ஒரு முட்டை, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம் (ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன்), வெண்ணெய் 50 கிராம். ஏப்ரல், மே என்றால் ஈஸ்டை 4 கிராமாகக் குறைத்து, பாலைக் குளிரக் குளிர ஊற்று.

வெண்ணெயை முதலிலேயே போட்டுவிடாதே. மற்றதையெல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் பிசைந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிஷம் அடித்துப் பிசை. வெண்ணெய் போட்டதும் மாவு பிரிந்து கொழகொழவென்று ஆகும். பயந்து மைதாவைத் தூவினால் என் மூன்றாவது தடவை கதைதான். பிசையப் பிசையத் திரும்பக் கூடிவிடும். ஒரு துண்டை எடுத்து விரித்தால், பரோட்டாக்காரர் வீசுகிற மாவு மாதிரி கிழியாமல் மெல்லிசாக, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு வர வேண்டும். உனக்குத் தோள்வலி இருக்கிறது. பிசைவதை மகனிடம் விடு. அவன் ஜிம்முக்குக் கொடுக்கிற காசுக்கு இதுவும் ஒரு பயிற்சி.

இரண்டு மடங்கானதும் பதினாலு உருண்டை பிடி. எட்டு அங்குல வட்டக் கேக் டின் இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, நம் பணியாரச் சட்டிக் கணக்கு. கொஞ்சம் இடைவெளி விட்டு வை. அரை மணி நேரத்தில் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால்தான் பக்கவாட்டில் பொறுக்குத் தட்டாமல் மெத்தென்று இருக்கும். மேலே பால் தடவி, பத்து நிமிஷம் முன்னதாகவே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் இருபது நிமிஷம். மேல்கம்பி பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் கறுக்கும், பாதியில் ஃபாயில் தாளை மேலே போட்டுவிடு. வெளியே எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவு.

கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் ஓவனை அட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். என்னுடையது 1,600 வாட். சூடேற்றுவதையும் சேர்த்து அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. பெட்டியைப் பிரி.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைக்காதே. அந்தக் குளிரில் ரொட்டி இன்னும் சீக்கிரம் விறைத்துப்போகும். டப்பாவில் போட்டு வெளியே வை, இல்லாவிட்டால் ஃப்ரீசரில் வை. மறுநாள் இட்லித் தட்டில் துணி விரித்து இரண்டு நிமிஷம் ஆவி காட்டினால் புதுசு மாதிரி ஆகிவிடும். இது யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. பெருமையாக எழுதிக்கொள்கிறேன்.

முதல்முதலாக ஒழுங்காக வந்த அன்று கூடையில் துணி போட்டு எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குக் காய்ச்சல்?" என்றார். நம் வீடுகளில் ரொட்டி என்றால் அதுதானே! ஜுரம் வந்தால் பாலில் நனைத்துக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு பாக்கெட் ரொட்டியும் நாலு ஆரஞ்சும் வாங்கிப் போவது. யாழ்ப்பாணத்தில் பாண் என்று சொல்லிக் காலையிலும் ராத்திரியிலும் சம்பலோடும் பருப்போடும் சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். அது போர்த்துகீசியச் சொல்லாம். மேசை, அலமாரி, சாவி எல்லாம்கூட அவர்களிடமிருந்து வந்ததுதான். உங்கள் தூத்துக்குடிக்கு அவர்கள் வந்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது. மேசையைக் கொடுத்தவர்கள் அதில் வைத்துத் தின்கிற பாணை மட்டும் நம் பக்கம் பழக்காமல் போய்விட்டார்களே என்று இருக்கிறது.

காய்ச்சல் யாருக்கும் இல்லை என்று சொல்லி மாமாவை உட்கார வைத்தேன். ரோலுக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளைக் குருமா. தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றுவேனே, அதுதான். கொஞ்சம் கெட்டியாக இறக்க வேண்டும். நீர்க்க இருந்தால் ரோல் ஊறிக் கூழாகிவிடும். கீரை மசியலோடு ஒரு தடவை வைத்தேன், சேரவில்லை. ஆட்டுக்கறிச் சால்னா பிரமாதம், ஆனால் அது ரோலின் பெருமை இல்லை, சால்னாவின் பெருமை. மாமா ஒன்றையும் தொடாமல், மத்தியானம் மிஞ்சிய மிளகு ரசத்தைக் கிண்ணத்தில் சூடாக வாங்கி, ரோலைப் பிய்த்து முக்கித் தின்றார். இவ்வளவு பாடுபட்டதை ரசத்தில் முக்குகிறாரே என்று எனக்குக் கோபம். பேரன் தாத்தாவைப் பார்த்து முக்கினான். அப்புறம் மருமகள். நானும் பார்த்தேன். சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசத்தைக் கொஞ்சம் கூடவே வைக்கிறேன்.

ஞாயிறு ராத்திரி ஏழரைக்கு எல்லோரும் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். மருமகளுக்கு எட்டரைக்கு மேல் ஆபீஸ் கூட்டம், அதற்குள் முடிந்துவிடுகிறது. வீட்டுக்காரர் செய்தியை நிறுத்திவிட்டு வருகிறார், நான் கூப்பிட்டு இல்லை, வாசம் கூப்பிட்டு. நான் சுவர்ப் பக்க நாற்காலியில் உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்தால் எழுந்து வெளியே வர இரண்டு பேர் நகர வேண்டும். அதனால் தண்ணீர் வேண்டுமென்றால் அவரவரே போய் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் ரோலைப் பிய்ப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

மற்ற ஆறு நாளும் தோசை, சப்பாத்தி, உப்புமாதான். அதில் மாற்றமில்லை. ஏழு பேருக்குப் பதினாலு ரோல், ஆளுக்கு இரண்டு, உனக்குக் கணக்குச் சரியாக வரும். உன் ஊர்க் கடல்காற்றில் ஈரம் அதிகம், பாலை ஒரு கரண்டி குறைத்து ஆரம்பி. மாவு எவ்வளவு நேரத்தில் உப்பியது என்று பதிலில் எழுது. அண்ணனைக் கேட்டதாகச் சொல். வரும்போது மக்ரூன் ஒரு கிலோ, மறக்காதே.

உன்
மதுரைக்காரி

பின்குறிப்பு: மாமா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். இந்நேரத்தில் யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். தூத்துக்குடிக்கு, ரொட்டி செய்வது எப்படி என்று எழுதுகிறேன் என்றேன். "ஏன், அந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்கிறார்.