‘எக்ஸார்குக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்று இனி சொல்ல முடியாது: தமிழ் லினக்ஸ் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் பயனர் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை நிறுவல் முகாம்களுக்குக் கொடுத்துவிடும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

சில வருடங்களாக நாம் எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாம் உபுண்டு போட்டுக் கொடுத்தவர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, “மத்ததெல்லாம் சரிங்க, இந்த ஒரு செயலியில தமிழ் விழவே மாட்டேங்குது” என்பார். நாமும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், “லாகின் திரையில் கீழே பல்சக்கரம் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அழுத்தி எக்ஸார்க் தேர்ந்தெடுங்கள்” என்போம். சரியாகிவிடும். போனை வைத்துவிடுவோம். ஏன் விழவில்லை என்று பார்க்கவும் மாட்டோம், யாருக்கும் எழுதவும் மாட்டோம். நானும் இதைத்தான் செய்தேன்.

எக்ஸார்க் என்பது எக்ஸ்11 என்ற பழைய முறையின் சர்வர். சன்னல்களைத் திரையில் காட்டுவதும் விசைகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்ப்பதும் அதன் வேலை. அந்த இடத்துக்கு வந்திருக்கும் புதிய முறைதான் வேலண்ட். அந்தப் பல்சக்கரத்துக்குள் இனி எக்ஸார்க் இருக்காது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் க்னோம் மேசைச்சூழலின் எக்ஸ்11 அமர்வை எடுத்துவிட்டார்கள். ஃபெடோரா 43-இலும் அப்படித்தான். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 எக்ஸார்க் சர்வரையே கைவிட்டுவிட்டது. தன் மேசைச்சூழலான பிளாஸ்மாவில் 6.8 முதல் வேலண்ட் மட்டும்தான் என்று கேடிஇ அறிவித்தாயிற்று. லினக்ஸ் மின்டின் சின்னமன் மேசைச்சூழலில் இன்னும் எக்ஸ்11தான் இயல்பு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், ஆனால் அதில் நமக்குக் கிடைப்பது கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான்.

எக்ஸ்11-ஐ எடுத்தது தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எக்ஸ்11 1987-இல் வந்தது. ஒரே திரையில் ஓடும் நிரல்கள் எல்லாம் ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில் கட்டியது. அதனால்தான் நீங்கள் ஒரு சன்னலில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கும்போது, பக்கத்தில் திறந்து கிடக்கும் ஏதோ ஒரு விளையாட்டு அந்த விசைகளை அப்படியே படித்துவிட முடியும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிறிஸ்தியான் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலண்ட் இந்தக் கதவை அடைத்தது. எந்தச் சன்னலில் இருக்கிறீர்களோ அந்தச் சன்னலுக்கு மட்டும்தான் விசை போகும். இது நமக்கு வேண்டியதுதான்.

ஆனால் தமிழ் உள்ளீட்டு முறையும் அந்தச் சன்னலுக்கு வெளியேதான் நிற்கிறது. நமக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று பலர் யோசிப்பதில்லை. இன்ஸ்கிரிப்டில் ஒரு விசைக்கு ஒரு குறி, விசைப்பலகை வரைபடமே போதும், வேலண்டிலும் அது அப்படியே வேலை செய்யும். தமிழ் 99 அப்படியில்லை. க அடித்து மறுபடியும் க அடித்தால் முதல் எழுத்தின் மேல் தானாகப் புள்ளி விழுந்து ‘க்க’ வர வேண்டும், க அடித்து இ அடித்தால் ‘கி’ ஆக வேண்டும். முந்தைய எழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் அதை மாற்றி எழுதும் ஒரு நிரல் நடுவில் இருந்தாக வேண்டும். ஒலிபெயர்ப்பில் அடிப்பவர்களுக்கும் இதே நிலைதான். வேலண்டின் நெறிமுறைப்படி அந்த நிரல் நேராகச் செயலியோடு பேசுவதில்லை. செயலி, சன்னல்களைத் திரையில் அடுக்கும் திரைமேலாளரிடம் சொல்ல, திரைமேலாளர் ஐபஸ், எஃப்சிடிக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரலிடம் சொல்ல, பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். மூவரும் ஒரே நெறிமுறையைப் பேசினால்தான் எழுத்து விழும்.

பேசவில்லை என்பதுதான் சிக்கல். கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் உலாவி, வேலண்டில் நேரடியாக ஓடும்போது, பல வருடங்கள் உரை உள்ளீட்டு நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டும் பேசியது, க்னோமுக்கோ மூன்றாம் பதிப்பு மட்டும்தான் தெரியும். கேடிஇ மூன்று பதிப்புகளையும் ஏற்றுக்கொண்டதால் அங்கே அதே உலாவியில் தமிழ் விழுந்தது. எலெக்ட்ரான் என்ற சட்டகத்தில் எழுதிய செயலிகள் எல்லாம் உள்ளே குரோமியம்தான் என்பதால் அவையும் இதே பாட்டைப் பட்டன. “வேலண்டில் தமிழ் வராது” என்று நாம் ஒரே வரியில் முடித்துவைத்த பேச்சுக்குப் பின்னால் இருந்தது இப்படி ஒரு குறிப்பிட்ட, திருத்தக்கூடிய வழு.

அதைத் திருத்த யார் உழைத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சீன, ஜப்பானிய, கொரியப் பயனர்கள். உள்ளீட்டு முறை இல்லாமல் அவர்களால் ஒரு வரி அடிக்க முடியாது என்பதால், எந்தச் செயலி எந்தப் பதிப்பில் என்ன செய்கிறது என்று பொறுமையாக எழுதி எழுதிக் கேட்டு வாங்கினார்கள். அந்த உழைப்பின் பலனை நாமும் அனுபவிக்கிறோம். ஆனால் தானாகப் புள்ளி விழாமல் போவதையும், அழிக்கும்போது ‘கொ’ பாதியாக உடைந்து நிற்பதையும் அவர்கள் பார்க்கப் போவதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பார்வையற்ற நண்பர்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஓர்க்கா திரைவாசிப்பானின் குறுக்குவிசைகள் க்னோம் வேலண்டில் ஒழுங்காக வேலை செய்ததே 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இல்தான். இத்தனைக்கும் ஃபெடோரா 2016-இலேயே வேலண்டை இயல்பாக்கிவிட்டது. அத்தனை வருடம் அவர்களுக்கும் நாம் சொன்னது அதே பல்சக்கரம்தான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அடுத்த சந்திப்பில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். க்னோம் வேலண்டில் ஒரு கணினி, பிளாஸ்மா வேலண்டில் ஒன்று போதும். தமிழ் 99-இலும் ஒலிபெயர்ப்பிலும் அடிப்பவர்களை உட்கார வைத்து, உலாவி, லிப்ரே ஆஃபிஸ், முனையம், ஏதாவது ஒரு எலெக்ட்ரான் செயலி என ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி அடிக்கச் சொல்லுங்கள். எங்கே உடைகிறதோ அதைப் பதிப்பு எண்களோடு குறித்து, உரிய திட்டத்தின் வழுப் பதிவில் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, திரையைப் படம்பிடித்துச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் நம் பழைய வழிகாட்டிகள். எந்த உள்ளீட்டு நிரல் என்று செயலிகளுக்குச் சொல்லும் சூழல் மாறிகளை புரோஃபைல் கோப்பில் போடுங்கள் என்று நாம் எழுதிவைத்தது இன்னும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்மா வேலண்டில் எஃப்சிடிக்ஸ் 5-ஏ அவற்றில் சிலவற்றை எடுத்துவிடச் சொல்லி எச்சரிக்கிறது. அங்கே அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதிக்குப் போய் எஃப்சிடிக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் உள்ளீட்டை அந்தப் பெயருக்குள் போய்த் தேட யாருக்குத் தோன்றும்? இதைத் தமிழில் படத்தோடு எழுதிவைப்பது நம் வேலை.

என் மடிக்கணினியில் இரண்டு அமர்வுகளையும் நிறுவி, ‘அக்காள்’, ‘கொக்கு’, ‘ஸ்ரீ’ என்று உடையக்கூடிய சொற்களாக ஒரு பக்கம் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த ஊர் சந்திப்பு என்று சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.