ஸ்மார்ட் மீட்டர் தலையங்கம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்சாரக் கணக்கைத் தொலைவிலிருந்தே எடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் பற்றிய தங்கள் தலையங்கத்தில், ‘உலக நாடுகள் ஏற்றுக்கொண்டதை எதிர்ப்பவர்கள் மாற்றத்துக்கு அஞ்சுபவர்கள்’ என்றொரு வரி இருந்தது. எந்தெந்த நாடுகள், என்னென்ன நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டன என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

2009இல் நெதர்லாந்தின் மேலவை, வீட்டாரின் அந்தரங்கம் கருதி, மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை ஏற்க மறுத்தது; வேண்டாம் என்று சொல்லும் உரிமை நுகர்வோருக்குத் தரப்பட்ட பிறகே மீட்டர் வந்தது. எல்லா வீடுகளுக்கும் மாட்டினால் சிறு நுகர்வோருக்குச் செலவுதான் மிஞ்சும் என்று ஆய்வில் கண்ட ஜெர்மனி, ஆண்டுக்கு 6000 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கே கட்டாயமாக்கி, மீட்டருக்கு வாங்கும் ஆண்டுக் கட்டணத்துக்கும் சட்டத்திலேயே உச்சவரம்பு வைத்தது. பிரிட்டனில், பாக்கி வைத்தவர்களின் மீட்டர்களை நிறுவனங்கள் இருந்த இடத்திலிருந்தே, முன்கூட்டிப் பணம் கட்டினால்தான் மின்சாரம் என்ற முன்பண முறைக்கு மாற்றிவந்ததை, ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கச் சொன்னது. இவர்களும் மாற்றத்துக்கு அஞ்சியவர்கள் போலும்.

நம் கதை தாங்கள் அறியாததல்ல. 2021இல் மத்திய அரசு அறிவித்த திட்டம், 25 கோடி முன்பண மீட்டர்களை இலக்காக வைத்துக்கொண்டு, நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மீட்டர் ஒன்றுக்கு அதிகபட்சம் 900 ரூபாய் மானியம் தருகிறது. மீதி யார் தலையில் விடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் (உரிமை என்றுதான் பெயர்), ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதும் நேரத்துக்கேற்ற கட்டணம் என்கின்றன. மின்தேவை கூடும் உச்ச நேரத்தில் வீடுகளுக்கு வழக்கமான கட்டணத்தைப் போல் குறைந்தது 1.1 மடங்கு, வெயில் நேரத்தில் 20 சதவீதமாவது குறையுமாம். பகலெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு மோட்டாரும் மிக்சியும் போடும் குடும்பம் அந்தச் சலுகையை எப்போது அனுபவிப்பது?

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, இணைப்பைத் துண்டிக்க 15 நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு வேண்டும் என்கிறது. பணம் தீர்ந்ததும் தானே அணைந்துவிடும் மீட்டரில் அந்த 15 நாள் எங்கே இருக்கும்? முன்பண மீட்டருக்குச் சம்மதிப்பவரிடம் காப்புத்தொகை கேட்கக்கூடாது என்பது 47ஆம் பிரிவு. அப்படியானால் நாங்கள் ஏற்கெனவே கட்டியது திரும்புமா என்று எங்கள் பகுதி மின் அலுவலகத்தில் கேட்டேன். ‘மீட்டர் வரட்டும், பார்க்கலாம் சார்’ என்றார்கள்.

கணக்கெடுப்பவர் தாமதமாக வந்ததால் ஒருமுறை என் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. 2022 செப்டம்பர் கட்டணப்படி, அப்படித் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 2.25 ரூபாய்க்குப் பதில் 4.50 ரூபாய். தாமதம் அவர்களுடையது, அபராதம் என்னுடையது. 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி அளித்த மாதக் கணக்கெடுப்பையோ, ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு என்று தள்ளிவைத்தார்கள்.

அந்தக் கட்டண உயர்வுக்கு முன், 2022 ஆகஸ்டில், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மதுரையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. நடந்து முடிந்த பிறகு, தங்கள் நாளிதழில் புகைப்படத்தோடு வந்த செய்தியைப் படித்தே நான் அதை அறிந்தேன்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். மீட்டர் தொடர்பாக ஆணையம் இனி ஆட்சேபம் கோரும்போது, கடைசித் தேதியையும் கூட்டம் நடக்கும் இடத்தையும் உள்ளூர்ப் பக்கத்தில் கட்டம் கட்டி, கண்ணாடி போட்டாலாவது படிக்க முடிகிற எழுத்தில் முன்கூட்டியே வெளியிடுங்கள். ராசிபலனுக்குத் தாங்கள் ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
மதுரை