பயனியர் புதிர் அவிழ்ந்துவிட்டது, ஐயா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த விண்கலச் சிறுகதையைப் படித்தேன். சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போகும் ஒரு கலம், அதில் ஏழு பேர். திடீரென்று ஒரு நாள் கலத்தின் முன்பக்கக் கடிகாரமும் பின்பக்கக் கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டுகின்றன. தொடக்கம் அருமை. ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே கேப்டன் காலவெளியில் கிழிசல் விழுந்துவிட்டது என்று அறிவித்துவிடுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். கடிகாரத்துக்கு மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. டெலிபோன் இலாகாவில் ஃபால்ட் பார்த்தே காலம் தள்ளியவன் நான். படிக்கப் படிக்க எனக்குக் கை பரபரத்தது.

சரி, கதை கதைதான், அதை விடுங்கள். கதையின் கீழே போட்டிருந்த பெட்டிச் செய்திதான் என்னை எழுத உட்கார வைத்தது. நாசாவின் பயனியர் விண்கலங்களைச் சூரியனை நோக்கி இழுத்த மர்ம விசைக்கு இன்றுவரை காரணம் தெரியவில்லை என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். அது தவறு. 2012-லேயே விடை வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த விதம், நீங்கள் வெளியிட்ட கதையைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது.

பயனியர் 10 கிளம்பியது 1972 மார்ச்சில்; பயனியர் 11 அடுத்த வருஷம் ஏப்ரலில். இரண்டும் வியாழனைப் பார்த்தன, பதினொன்றாவது சனியையும் பார்த்தது. அப்புறம் ஆளுக்கொரு திசையில் சூரியக் குடும்பத்தைவிட்டு வெளியே போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் மனிதர் யாரும் இல்லை. மாலுமிகள் என்று சொல்வதானால், கலிபோர்னியாவின் பாசடீனாவில் நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவரான ஜான் ஆண்டர்சன், 1980 வாக்கில் கணக்கு இடிப்பதைக் கவனித்தார். சூரிய ஒளி கலத்தை வெளிப்பக்கமாகத் தள்ளும். தூரம் போகப் போக அந்தத் தள்ளல் தேய்ந்துவிடும். அது தேய்ந்த பிறகும் ஏதோ மிச்சம் இருந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல் இருபது மடங்குக்கு அப்பால், கலம் வரவேண்டிய வேகத்தைவிட ஒரு துளி குறைவாகவே போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு துளி என்று கேட்டால் சிரிப்பு வரும். பூமியில் நம்மைக் கீழே இழுக்கும் ஈர்ப்பில் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நொடிக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கலத்தின் வேகம், ஒரு வருஷம் முழுக்க இந்த இழுப்பில் நொடிக்கு 3 சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் குறையும். ஆனால் முப்பது வருஷம் சேர்ந்தால், கலம் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் இடையே பூமியிலிருந்து நிலவு வரையிலான தூரம் வந்துவிடும்.

இதை அளந்தது கலத்திலிருந்து திரும்பி வரும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணை வைத்து; கலம் விலகும் வேகத்துக்கு ஏற்ப அது மாறும். பயனியர் பம்பரம்போல் சுழன்றுகொண்டே போவதால் நிமிர்ந்து நிற்பதற்காக அடிக்கடி எரிவாயுவைப் பீய்ச்ச வேண்டியதில்லை. வாயேஜர் கலங்கள் அடிக்கடி பீய்ச்சும். அந்த உதறலில் இவ்வளவு சின்ன இழுப்பு தெரியவே தெரியாது. அதனால்தான் பயனியரின் சொல்லை நம்பினார்கள்.

உங்கள் கதாசிரியர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அதிர்வெண் கொஞ்சம் கொஞ்சமாக வழுகுகிறது என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. கலம் நிஜமாகவே மெதுவாகலாம். அல்லது பூமி, கலம் என்ற இரு முனைகளுக்கும் இடையே நேரமே ஒரே சீராக ஓடாமல் இருக்கலாம். 2002-ல் ஆண்டர்சனும் சகாக்களும் வெளியிட்ட நீண்ட கட்டுரை இந்த இரண்டாவது வாய்ப்பையும் எடுத்துப் பேசுகிறது. ஆக, காலத்தில் கோளாறு என்ற எண்ணம் கதையில் மட்டும் வந்ததில்லை. ஆய்வகத்து மேஜையிலும் வந்தது. அதற்கு எண்ணெய் ஊற்றியது ஒரு தற்செயல். ஒளியின் வேகத்தைப் பிரபஞ்சம் விரியும் வீதத்தால் பெருக்கினால் வரும் எண்ணும், பயனியரின் மர்ம முடுக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. யாருக்குத்தான் சபலம் வராது? 1998-ல் முதல் கட்டுரை வெளியானதும் ஈர்ப்பு விதியைத் திருத்தலாம், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைக் கொண்டுவரலாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. யுரேனஸ் தடம் மாறியதைத் துரத்திப் போய்த்தான் 1846-ல் நெப்டியூன் கிடைத்தது. அதே கணக்கைப் போட்ட பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, புதனின் பாதையில் இருந்த விலகலுக்கு வல்கன் என்ற கிரகத்தைச் சொன்னார். அப்படி ஒரு கிரகமே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல்தான் அதற்கு விடை சொன்னது. ஒரு விலகலுக்குப் பின்னால் புதுக் கிரகம் இருக்கலாம், புது விதி இருக்கலாம், நம் கருவியின் குறையும் இருக்கலாம். எது என்று முதல் நாளே தெரியாது.

பயனியரில் சந்தேகத்துக்குரிய ஆள் ஆரம்பத்திலிருந்தே கண்ணெதிரில் இருந்தார்: வெப்பம். கலத்துக்கு மின்சாரம் கொடுத்தவை புளூட்டோனியம்-238 வைத்த நான்கு ஜெனரேட்டர்கள். ஏவும்போது நான்கும் சேர்ந்து சுமார் 2500 வாட் வெப்பத்தை உமிழ்ந்தன. அதில் மின்சாரமானது சுமார் 160 வாட் மட்டும். வெப்பம் என்பதும் ஒளியைப்போலக் கதிர்வீச்சுதான். ஒரு பக்கமாக அதிகம் வெளியேறினால் கலத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். பயனியரின் 2.74 மீட்டர் ஆண்டெனா எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்கும். அவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தால் பூமியும் சூரியனும் கிட்டத்தட்ட ஒரே திசை. கருவிப் பெட்டி ஆண்டெனாவின் முதுகுப் பக்கம். அதன் வெப்பம் பின்பக்கமாக வெளியேறும்; ஜெனரேட்டர்களின் வெப்பத்தில் ஒரு பகுதியும் ஆண்டெனாவின் முதுகில் பட்டுப் பின்பக்கமே தெறிக்கும். பின்னால் வெப்பம் போனால் கலம் சூரியன் பக்கமாகத் தள்ளப்படும். நானும் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தேன். சுமார் 240 கிலோ எடையுள்ள கலத்துக்கு, சொன்ன முடுக்கம் கிடைக்க 63 வாட் ஒரு திசையில் போனால் போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் கணக்கு, அவ்வளவுதான்!

வெப்பம்தான் காரணமாக இருக்கும் என்று 1999-லேயே சிலர் எழுதினார்கள். அதற்குச் சொன்ன மறுப்பும் நியாயமானது. புளூட்டோனியம் நாளாக நாளாகத் தேயும். அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 87.7 வருஷம். வெப்பம்தான் காரணம் என்றால் இழுப்பும் தேய வேண்டும். ஆனால் கையில் இருந்த 1987 முதல் 1998 வரையிலான தரவில் இழுப்பு மாறாமல் இருப்பதாகவே தெரிந்தது. அப்படியானால் பழைய தரவு வேண்டும். எங்கே போவது?

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். ஸ்லாவா துரிஷேவ் என்ற விஞ்ஞானி பழைய பதிவுகளைத் தேடிக் கிளம்பினார். பாசடீனா ஆய்வகத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில், அட்டைப் பெட்டிகளில் காந்த நாடாக்கள் கிடந்தன. நாசாவின் இன்னொரு மையமான ஏம்ஸ் ஆய்வகத்தில் பயனியர் திட்டத்தின் ஆவணங்கள் குப்பைக்குப் போகவிருந்த நேரத்தில் காப்பாற்றப்பட்டன. கலத்தின் எந்தப் பாகம் எந்த நாளில் எத்தனை டிகிரி சூடாக இருந்தது என்ற தொலை அளவைப் பதிவுகளை, லாரி கெல்லாக் என்ற பழைய பணியாளர் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைப் படிக்க மென்பொருள் எழுதியவர் கனடாவில் இருந்த விக்டர் டோத். வேலைக்கான பணத்தில் ஒரு பகுதியைக் கோள்கள் கழகம் என்ற விண்வெளி ஆர்வலர் அமைப்பின் உறுப்பினர்கள் நன்கொடையாகக் கொடுத்தார்கள். குப்பை வண்டி முந்தியிருந்தால் உங்கள் பெட்டிச் செய்தி இன்றும் சரியாகவே இருந்திருக்கும்!

நீளமான தரவு கைக்கு வந்ததும், 2011-ல் இழுப்பு மாறாமல் இல்லை, காலப்போக்கில் தேய்கிறது என்று தெரிந்தது. அடுத்த வருஷம், பழைய வரைபடங்களையும் வெப்பநிலைப் பதிவுகளையும் வைத்துக் கலத்தின் ஒவ்வொரு பரப்பிலிருந்தும் எவ்வளவு வெப்பம் எந்தத் திசையில் போகிறது என்று கணினியில் கணக்கிட்டு, மர்மம் என்று சொல்ல மிச்சம் எதுவும் இல்லை என்று துரிஷேவ் குழு கட்டுரை வெளியிட்டது. ஜெர்மனியின் பிரெமனிலும் போர்ச்சுகலிலும் தனித்தனியே கணக்குப் போட்டவர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். போர்ச்சுகல் குழு பயன்படுத்தியது, கணினி ஓவியங்களில் பளபளப்பு காட்டுவதற்காக வியட்நாமில் பிறந்த புய் தூங் ஃபோங் கண்டுபிடித்த நிழல்தீட்டும் முறையை. கார்ட்டூன் பந்தைப் பளபளக்கச் செய்யும் கணக்கு, ஆண்டெனாவின் முதுகில் வெப்பம் எப்படித் தெறிக்கிறது என்பதையும் சொன்னது.

காலவெளிக் கிழிசலைத் தேடிப் போய்க் கடைசியில் கிடைத்தது வெறும் சூடுதானா என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலத்தின் சொந்தச் சூட்டை 60 வாட் அளவுக்குத் துல்லியமாகக் கழித்துவிட்டு, இனி மிச்சம் இருந்தால்தான் அது இயற்கையின் குரல் என்று சொல்லும் துணிச்சல் சாதாரணமானதா?

பெட்டிச் செய்திக்கு இன்னும் விளங்காத விலகல் ஒன்றுதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. பூமியை ஒட்டிப் பறந்து வேகம் பெறும் சில கலங்கள், கணக்குக்கு மேல் ஒரு துளி கூடுதல் வேகத்துடன் வெளியேறியிருக்கின்றன. 1990 டிசம்பரில் கலிலியோ கலத்தில் முதலில் கவனித்தார்கள். 1998 ஜனவரியில் நியர் கலத்தில் அது நொடிக்கு 13 மில்லிமீட்டர். 2005-ல் ரோசெட்டாவிலும் கொஞ்சம் தெரிந்தது. பூமியின் சுழற்சியோடு சேர்த்து இதற்கு ஒரு சூத்திரம்கூட 2008-ல் வெளியானது. ஆனால் அதே ரோசெட்டா 2007-லும் 2009-லும் வந்தபோது ஒன்றும் காணோம். 2013-ல் ஜூனோவிலும் இல்லை. இதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட காரணம் இன்னும் வரவில்லை.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால், இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும். கதாசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டாம் பாகம் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்தக் கலத்தில் ஒரு இன்ஜினியர் அம்மா இருக்கிறார். முதல் பாகத்தில் அவருக்கு வசனமும் இல்லை, பெயரும் இல்லை. அவர் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து அந்த இரண்டு கடிகாரங்களின் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
திருச்சி