கடலடியில் எண்ணக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புக்குரிய கரையோர உறவுகளுக்கு,

எங்கள் பட்டப்பின்படிப்பு மாணவர்கள் எட்டுப் பேரும் பங்குனிக் கடைசியில், கடலடியில் இறங்கி ஆய்வு செய்யும் அறிவியல் சுழியோட்டப் பயிற்சியை முடித்துவிட்டார்கள். எட்டுப் பேரும் நலமாக வீடு திரும்பினார்கள் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். கைபிடித்து நேரில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும்.

சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி மீன் பார்த்துவிட்டு வருவதற்குச் சில நாள் பழக்கம் போதும். அறிவியல் சுழியோட்டம் அப்படியல்ல. கடலடியில் அளவுநாடாவை நேராக விரித்து, ஓரமாகச் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் கடற்புல்லையும் சிப்பியையும் எண்ணிப் பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுத வேண்டும். எழுதும்போதே மீதிக் காற்றையும் ஆழத்தையும் துணைக்கு வந்தவரையும் கவனிக்க வேண்டும். கால் ஒருமுறை தாழ்ந்தால் சேறு கிளம்பிச் சட்டமே தெரியாமல் போய்விடும். 1977இல் தொடங்கிய அமெரிக்க நீரடி அறிவியல் கழகம் இதற்கு 100 மணிநேரப் பயிற்சியும் குறைந்தது 12 திறந்தநீர்ச் சுழியோட்டமும் கேட்கிறது. நாங்களும் அந்த அளவையே வைத்துக்கொண்டோம்.

தொடங்கும்போது எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு நீந்தத் தெரியாது. போர் நடந்த காலத்தில் "கடலுக்குக் கிட்டப் போகாதே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். குளத்தில் பழக்கலாம் என்றால் வன்னிக் குளங்களில் முதலை. விடியற்காலையில் தன் நீச்சல் தடாகத்தைக் காசு வாங்காமல் திறந்துவிட்ட விடுதி உரிமையாளருக்கும், பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு நடையாய் நடந்து பெற்றோரைச் சம்மதிக்கவைத்த நீச்சல் ஆசிரியைக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த ஆசிரியை இல்லையென்றால் மூன்று பேர் கரையிலேயே நின்றிருப்பார்கள்.

மன்னார் விடத்தல்தீவில் கடலட்டை பிடிக்கும் அண்ணரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கடற்பரப்பில் ஆழம் குறைந்த கடற்புல் தரையில்தான் முதல் கணக்கெடுப்பு. மாணவி ஒருத்தி நான்கு சட்டங்களை எண்ணி முடித்து வெள்ளைக் கடலட்டைக்கு நேரே பூச்சியம், பூச்சியம் என்று எழுதிக்கொண்டு வந்தாள். அண்ணர் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அவளைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு இறங்கினார். மணலில் லேசாகத் தெரிந்த ஒரு மேட்டின் அருகே இரண்டு விரலை நுழைத்தார். வெளியே வந்தது ஓர் அட்டை. அதே சட்டத்துக்குள் இன்னும் இரண்டு. பகலில் அவை மணலுக்குள் புதைந்து கிடந்து, பொழுது சாயத்தான் மேய வெளியே வரும் என்பது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மேட்டை எந்தப் புத்தகமும் அவளுக்குக் காட்டவில்லை. அன்றைய கணக்கு முழுவதையும் தள்ளிவிட்டு, மாலையில் புதிதாகத் தொடங்கினோம். அண்ணை, அன்று நீங்கள் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு இறங்காமல் இருந்திருந்தால் பிழையான ஓர் ஆய்வேடு அச்சேறியிருக்கும்.

ஆழமான சுழியோட்டங்களுக்குச் சிலாவத்துறைக்குப் போனோம். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்புவதற்கு முன், மாசி பங்குனியில் அந்தக் கடல் அடங்கிக் கிடக்கும். பழைய முத்துக்குளிப்பும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்து ஆராய்ந்த முத்துப் பார்கள், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகள், இவை. முத்துக்குளிப்பில் கல்லைப் பிடித்து இறங்கி மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர் ஒருவர், அதை எண்ணி எழுதியவர் வேறொருவர். நம் பிள்ளைகள் இரண்டையும் தாங்களே செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அங்கே வள்ளம் தந்து, மண்ணெண்ணெய்க்கு மட்டும் காசு வாங்கி, ஒவ்வொரு முறையும் கூடவே இறங்கியவர், நாங்கள் நானா (அண்ணன்) என்று அழைக்கும் சிலாவத்துறைக்காரர். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து கடலில் இறங்கியவர். அவருடைய இடது கால் சற்று இழுபடும். பத்து மீற்றர் இறங்கினால் உடல்மேல் அழுத்தம் இரு மடங்காகிறது, நைதரசன் குருதியில் கரைகிறது, அவசரமாக மேலே வந்தால் குமிழியாகி நரம்பைத் தாக்குகிறது என்று நான் கரும்பலகையில் விளக்கினேன். நானா தன் காலைக் காட்டினார். "வாயிலிருந்து போகிற சின்னக் குமிழியை முந்தாதே, பிள்ளை" என்றார். வகுப்பு அவ்வளவுதான்.

ஒன்பதாவது சுழியோட்டத்தில், பதினான்கு மீற்றரில், மாணவன் ஒருவனின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவன் பதறி மேலே உதைத்தான். நானா அவனுடைய மிதவைச் சட்டையின் பட்டியைப் பிடித்து, கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், தன் மூச்சை எண்ணிக் காட்டினார். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் அப்படியே நிறுத்திவைத்தார். பையன் மேலே வந்து ஒட்சிசன் எடுத்துக்கொண்டு, அன்றிரவு மருத்துவரின் கண்காணிப்பில் நன்றாகத் தூங்கினான். இரவு முழுவதும் கூடவே இருந்த அந்த இளம் மருத்துவருக்கும் நன்றி. அவனுடைய அம்மாவுக்கு இதை நான் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன்.

படுக்க மண்டபம் தந்த பங்குத்தந்தைக்கும், கம்ப்ரசரைப் பழுதுபார்த்த தம்பிக்கும், நடுங்கிக்கொண்டு கரையேறியவர்களுக்கு இஞ்சித் தேநீரும் புட்டும் திருக்கைக் கறியும் வைத்துக் காத்திருந்த அக்காமாருக்கும் நன்றி. எடுத்த கணக்குகளைத் தமிழில் எழுதி இரண்டு ஊர்க் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். பிழை கண்டால் திருத்தித் தாருங்கள்.

நானா, உங்கள் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிப்பதாகவும், வருகிற மாசியில் தானும் இறங்க வேண்டும் என்று கேட்பதாகவும் சொன்னீர்கள். முதலில் நீச்சல் வகுப்பு. துடுப்புக் காலணி எடுத்து வைக்க வேண்டும், அவளுடைய கால் அளவை அனுப்பிவிடுங்கள்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவின் சார்பில்,
மாணவர்களின் விரிவுரையாளர்