கப்பலுக்குக் காத்திருந்த ஷீட்டுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

பாப்புவா, நியூ கினி ஆகிய இரு பிரதேசங்களின் ரப்பர் இருப்பு மாற்றத்தை, அதாவது ஆண்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே கிட்டங்கி இருப்பில் வரும் வேறுபாட்டை, ஒப்பிட்டு எழுதப்போவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். காரணத்தை உன்னிடம் சொன்னால்தான் மனம் ஆறும்.

இன்றைய பாப்புவா நியூ கினி நாட்டில் அடங்கிய அந்த இரண்டும் ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் இருந்தவைதான். பாப்புவா 1906இல் அதன் கைக்கு வந்தது. நியூ கினி 1914இல் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றப்பட்டது. ஆனால் ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி பாப்புவாவில், போர்ட் மோர்ஸ்பிக்கு மேலே சோகேரி மேட்டுநிலம் போன்ற இடங்களில் இருந்தது. நியூ கினி கொப்பரையை நம்பி வாழ்ந்தது. ரப்பரே அதிகம் விளையாத இடத்தின் கணக்கில் காணும் வெற்றுக் கட்டத்தை, 'இருப்பு மாறவில்லை' என்று படித்துவிடலாமா? இதுதான் என்னை முதலில் நிறுத்திய கேள்வி.

அடுத்தது கூட்டல், கழித்தல் குறி. ஆண்டுத் தொடக்கத்தில் 100 டன், முடிவில் 70 டன் என்று வைத்துக்கொள். கிட்டங்கியில் குறைந்ததால் ஒருவர் கழித்தல் 30 என்று எழுதுவார். சந்தைக்கு அவ்வளவு சரக்கு கூடுதலாக வந்ததால் இன்னொருவர் கூட்டல் 30 என்று எழுதுவார். இருவர் எழுதியதும் சரியே, ஆனால் அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். எடையிலும் இதே ஆபத்து உண்டு. நூறு கிலோ ரப்பர் பாலில் உலர்ந்த ரப்பர் முப்பது முதல் நாற்பது கிலோதான் தேறும். மரத்திலும் சிரட்டையிலும் தானாக உறைந்த ஒட்டுப்பாலை ஈரத்தோடு நிறுத்து எழுதிய கிட்டங்கியில், ஒரு கிலோகூட விற்காமலே இருப்பு இளைக்கும். புகைக்கூண்டில் உலர்த்தி எடுத்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஈரம் காயாத வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அண்ணாச்சி தராசில் ஏற்றவே விடமாட்டாரே, நினைவிருக்கிறதா? அந்தப் பிடிவாதத்தின் அருமை இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கப்பல். தீவிலிருந்து சரக்கு வெளியேற அது ஒன்றே வழி. கணக்காண்டு முடியும் ஜூன் 30 அன்று துறையில் கிடக்கும் ஷீட் கட்டுகள் அந்த ஆண்டின் இருப்பு; இரண்டு நாள் கழித்துக் கப்பல் வந்து ஏற்றிச் சென்றால் அவையே அடுத்த ஆண்டின் ஏற்றுமதி. அப்படியிருக்க, விலை ஏறட்டும் என்று தோட்டக்காரர்கள் பதுக்கினார்கள் என நான் எழுதத் துணிந்திருந்தேன். எவ்வளவு பெரிய அநியாயம்!

இரண்டாம் உலகப் போர் வந்தபோது நிலைமை இன்னும் கடுமையாயிற்று. 1942 ஜனவரியில் நியூ கினியின் துறைமுக நகரான ரபாவுல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது, பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பரும் டச்சு இந்தியத் தீவுகளின் ரப்பரும் கைநழுவியதும், பாப்புவாவின் சிறிய விளைச்சல் நேச நாடுகளுக்கு அருமையாகிவிட்டது. குடிமை நிர்வாகம் கலைக்கப்பட்டு, இராணுவ நிர்வாகத்தின்கீழ் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பால்வெட்டினார்கள். அந்த ஆண்டுகளின் இருப்பு மாற்றத்தை அமைதிக்கால அளவுகோலால் அளந்தால், அந்த மனிதர்களின் உழைப்பை நாம் பார்க்கவே இல்லை என்றாகும்.

ஆகவே, இரு பிரதேசங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், பாப்புவாவை மட்டும் கப்பல் தேதிகளோடு சேர்த்து எழுதலாம் என்று எண்ணுகிறேன். நீ கிட்டங்கிக் கணக்கு எழுதியவன். உலர்வில் குறைந்த எடையை கணக்கேட்டின் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்பதை விவரமாக எழுது. அது தெரியாமல் நான் மேலே ஒரு வரிகூட எழுதப்போவதில்லை.

அன்புடன்,
உன் நண்பன்