டிசம்பரில் நாங்கள் வரவில்லை, மகளே

அன்பு மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். அப்பாவும் நானும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "மெல்போர்னுக்கு டிக்கெட் போடட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றாய். இந்த வாடகை வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு பேசினால் மனதில் இருப்பது வாயில் வருவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். டிசம்பரில் நாங்கள் வரவில்லை. மார்ச்சில் வருகிறோம், வந்தால் மூன்று மாதம் உன்னோடுதான். கோபப்படாமல் முழுக்கப் படி.

"ஊர் சுற்றப் போகிறோம் என்று கிளம்பிவிட்டு ஒரே பட்டிக்காட்டில் போய் உட்கார்ந்துவிட்டீர்களே" என்றும் கேட்டாய். இங்கிலாந்தில் லெஸ்டர் ஆஸ்பத்திரியில் 24 வருஷம் வார்டில் ஓடினேன். லீவு கிடைத்தாலும் ஓட்டம்தான். பத்து நாளில் எட்டு ஊர், காரில் பொட்டலச் சாப்பாடு, திரும்பி வந்த பிறகு எந்தக் கோட்டை எந்த ஊர் என்றே குழம்பும். ரிட்டயர் ஆனதும் அப்பாதான் சொன்னார், இனிமேல் ஓர் ஊருக்குப் போனால் அங்கே பால் எங்கே வாங்குவது, பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையும் கேட்காமல் தெரியும்வரை இருக்க வேண்டும் என்று.

ஏப்ரலில் ஓல்னியில் ஒரு மாதம் இருந்தோம். ஜான் நியூட்டன் 1764 முதல் 1780 வரை சர்ச்சில் போதகராக ஊழியம் செய்த ஊர். அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்தவர் ஐயரான கதையை அப்பா உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அவர் கல்லறை அந்தக் கோயில் தோட்டத்தில்தான் இருக்கிறது. அப்புறம் லட்லோவில் ஆறு வாரம். இரண்டும் நல்ல ஊர்கள். ஆனால் இரண்டிலும் நாங்கள் விருந்தாளிகளாகவே இருந்துவிட்டு வந்தோம்.

செப்டம்பரில் இங்கே வந்தோம். ஹெரிபோர்டில் ரயில் மாறினால், லெட்பரி வருவதற்குச் சற்று முன்னால் 31 வளைவுள்ள செங்கல் பாலத்தின் மேல் ரயில் போகும். அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. லெட்பரி சந்தை மண்டபம் 16 மரத்தூண்களின் மேல் நிற்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான் எங்கள் கிராமம். எங்கள் இருவருக்கும் முதியோர் பஸ் பாஸ் இருக்கிறது. வார நாட்களில் காலை 9.30-க்கு மேல் இங்கிலாந்தில் எந்த உள்ளூர் பஸ்ஸுக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்த ஊருக்குப் பஸ்ஸே கிடையாது. அதனால் இந்த ஊர்க் கோயிலுக்கே போனோம், ஒரு விதத்தில் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

இங்கே ஓர் ஐயருக்கு ஏழு கோயில். எங்கள் ஐயர் ஒரு பெண். நம் ஊரில் ஐயரம்மா என்றால் ஐயருடைய மனைவி, இங்கே ஐயரே அம்மா. 1994-லிருந்துதான் இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம். ஏழு கோயிலுக்கும் அவர் ஒருவரே ஓட வேண்டியிருப்பதால் எங்கள் கோயிலில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போக வேண்டும், அதற்கு யாராவது காரில் இடம் கொடுக்க வேண்டும்.

முதல் ஞாயிறு எங்களையும் சேர்த்து பதினொரு பேர். எங்களுக்குத்தான் வயது குறைவு என்று வைத்துக்கொள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். லெஸ்டர் என்றேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த ஆராதனை காலை எட்டு மணிக்கு. 1662-ம் வருஷத்து ஜெபப் புத்தகத்தின்படி நடக்கும் பழைய முறை. அந்த ஒழுங்கைத்தானே தமிழாக்கி நம் ஆட்களுக்குக் கொடுத்தார்கள்! ஆச்சி பக்கத்தில் நின்று பாவ அறிக்கையைச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். இங்கிலீஷில் ஐயர் ஆரம்பித்ததும் என் வாய் தானாகத் தமிழில் முணுமுணுத்தது. அந்தக் கோயிலில் மூச்சு விட்டால்கூடக் கேட்கும். பக்கத்துப் பெஞ்சில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "அது என்ன மொழி? அடுத்த முறை இன்னும் சத்தமாகச் சொல்லு, எனக்கு ஒரு காது கேட்காது" என்றார். அவருக்கு 84 வயது. வீட்டு வாசலில் முட்டைகளும் ஒரு தகர டப்பாவும் வைத்திருப்பார், முட்டையை எடுத்துக்கொண்டு டப்பாவில் காசைப் போட்டுவிட்டு வரவேண்டும். அதனால் நானும் அப்பாவும் அவரை முட்டைப் பாட்டி என்றே சொல்கிறோம்.

அந்த வாரமே கோயில் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரும்புச் சாவி, என் உள்ளங்கையை விட நீளம், காலையில் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கோயிலைப் பகல் முழுக்கத் திறந்துதான் வைத்திருப்பார்கள். காலையில் திறப்பதும் இருட்டும் முன் பூட்டுவதும் இப்போது என் வேலை. பித்தளைச் சிலுவை துலக்குவது, பீடத்துக்குப் பூ வைப்பது எல்லாவற்றுக்கும் வாசலில் ஒரு தாள் தொங்கும். அதில் என் பெயரையும் எழுதிவிட்டார்கள். இங்கே யாரும் நம்மைக் கட்டிப்பிடித்து உள்ளே கூப்பிடுவதில்லை, மகளே. ஒரு வேலையைக் கொடுப்பார்கள், அதைச் செய்தால் அடுத்த வேலையைக் கொடுப்பார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

அப்பாவுக்குக் கிடைத்த வேலை மணி அடிப்பது. மணிக்கூண்டில் ஆறு மணிகள், அடிக்க ஆட்கள் நாலு பேர்தான். நம் ஊர் மாதிரி கயிற்றை இழுத்து விடுவது இல்லை. மணி வாய் மேலே பார்த்து நிற்கும், இழுத்தால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி தலைகீழாய்ப் போய் நிற்கும். கயிற்றில் ஓரிடத்தில் கம்பளி சுற்றித் தடியாக இருக்கும். அதை இழுத்துச் சரியான நொடியில் விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் ஆளையே மேலே தூக்கிவிடும். ஆறு மணியை வரிசை மாற்றி மாற்றி, அடித்த வரிசை திரும்ப வராமல் அடித்தால் 720 விதமாக அடிக்கலாம் என்று அப்பா நோட்டில் எழுதி வைத்துப் படிக்கிறார். முதல் மூன்று வாரம் கையெல்லாம் கொப்புளம். ஆனால் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு மத்தியானம் மூன்று மணிக்கே சட்டை மாற்றிவிடுவார்.

சின்ன வயதில் அவர் வீட்டு வாசலில் நின்றால் பனங்காட்டுக்கும் செம்மணல் தேரிக்கும் அப்பால் மெய்ஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியுமாம், 192 அடி உயரம். மணிச்சத்தம் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்களாம். அதைக் கட்டிய ஜான் தாமஸ் ஐயர் வேல்ஸ்காரர். இங்கே மேட்டில் ஏறி மேற்கே பார்த்தால் வேல்ஸ் மலைகள் நீலமாகத் தெரியும். அப்பா அங்கே வெகுநேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபரில் அறுப்புப் பண்டிகை. நம்முடைய ஸ்தோத்திரப் பண்டிகைதான். இப்போது உள்ள மாதிரி இதை 1843-ல் கார்ன்வால் கடற்கரையில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ஹாக்கர் என்ற ஐயர் ஆரம்பித்து வைத்தார். நாம் தேங்காயும் வாழைத்தாரும் கோழியும் கொண்டுவருவோமே, இங்கே ஆப்பிள், பேரிக்காய், பூசணி. டின் சாப்பாடுகள் தனியாக உணவு வங்கிக்குப் போகும். ராத்திரி ஊர்க் கொட்டகையில் எல்லோரும் ஒன்றாய்ச் சாப்பிட்டோம். நம் ஊர் அசனம் மாதிரியே நீள பெஞ்சு, பெரிய பாத்திரங்கள். சாப்பாடு முடிந்ததும் ஏலம்! அப்பா ஒரு சுரைக்காய் மாதிரிக் காயை ஏழு பவுண்டுக்கு எடுத்தார். நான் தேங்காய்ப்பால் ஊற்றி சொதி வைத்துக் கொண்டுபோயிருந்தேன். முட்டைப் பாட்டி ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டில் இருந்த அவர் வீட்டுக்காரர் தாத்தாவுக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தேன்.

அந்தத் தாத்தாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இருதயம் பலவீனமாகிப் படுத்த படுக்கையாக இருந்தார். அவருக்குக் கால் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அதிக நாள் இல்லை என்று. நர்சு வரும் நேரம் போக மீதி நேரத்தில் நான் போய் உட்காருவேன். பாட்டி அப்போது கொஞ்சம் தூங்குவார். தாத்தா பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர். இந்தப் பேரி மரங்கள் இருநூறு முந்நூறு வருஷம் நிற்குமாம், தாத்தாவின் தாத்தா நட்டதில்தான் இன்னும் காய் பறிக்கிறார்கள். நான் பனைமரத்தைப் பற்றிச் சொன்னேன். பதநீர் இறக்குவது எப்படி, பாளையை எப்படிச் சீவுவார்கள், கருப்பட்டி எப்படிக் காய்ச்சுவார்கள் என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கொண்டுவந்திருந்த கருப்பட்டியில் ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அக்டோபர் கடைசியில் ஒரு விடியற்காலை போய்விட்டார். நானும் பாட்டியும்தான் பக்கத்தில் இருந்தோம்.

அடக்க ஆராதனைக்கு முந்திய நாள் அப்பா மற்றவர்களோடு மணிக்கூண்டுக்கு மேலே ஏறினார். ஒவ்வொரு மணியின் நாக்கிலும் ஒரு பக்கம் மட்டும் தோல் துண்டு வைத்துக் கட்டுவார்கள். அப்போது ஒரு அடி முழுச் சத்தமாக விழும், அடுத்த அடி தூரத்தில் எங்கோ கேட்கிற மாதிரி அடங்கி வரும். ஒன்று சத்தம், ஒன்று அதன் எதிரொலி, இப்படியே. நான் எத்தனையோ சாவுகளைப் பார்த்தவள், வார்டில் அழுததில்லை. அன்றைக்கு அந்த அடங்கிய சத்தத்தைக் கேட்டு அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம் பாட்டியும் நானும் வாரம் ஒரு நாள் பஸ்ஸில் எங்காவது போய் வருகிறோம். மச் மார்க்கிள் கோயில் தோட்டத்தில் ஒரு யூ மரம், ஆயிரம் வருஷத்துக்கும் மேலே வயது என்கிறார்கள். நடுவில் பொந்து விழுந்து, உள்ளே பெஞ்சு போட்டிருக்கிறது. நாங்கள் இருவரும் அதற்குள் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்தோம். மழை பெய்தது, ஒரு சொட்டு மேலே விழவில்லை. அங்கேதான் தன் மகனைப் பற்றிச் சொன்னார். கனடாவில் இருக்கிறான், அடக்கத்துக்கு வந்து நாலு நாள் இருந்தான், அதற்கு மேல் லீவு இல்லை. அவனைக் குறை சொல்லவில்லை. "உன் மகள் எங்கே?" என்று கேட்டார். ஆஸ்திரேலியா என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு நாள் ஹெரிபோர்ட் பேராலயத்தில் 1300 வாக்கில் ஒரே கன்றுத் தோலில் வரைந்த உலக வரைபடத்தைப் பார்த்தோம். அதில் வடக்கு மேலே இல்லை, கிழக்குத்தான் மேலே. எருசலேம் நடுவில். இந்தியா உச்சிக்குப் பக்கத்தில், இங்கிலாந்து கீழே ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. ஹெரிபோர்டைத் தேடிப் பார்த்தோம், பார்க்க வந்தவர்கள் காலம் காலமாக விரலை வைத்து வைத்து அந்த இடமே தேய்ந்துபோயிருக்கிறது.

இப்போது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். தாத்தா இல்லாமல் பாட்டிக்கு இது முதல் கிறிஸ்துமஸ். அப்பா ஐந்தாவது ஆள், அவர் போய்விட்டால் கிறிஸ்துமஸ் காலையில் ஐந்து மணிகள் நாலாகிவிடும். இந்தக் கோயிலில் ஒரு பிள்ளைகூட இல்லை, இன்னும் பத்து வருஷத்தில் யார் கதவைத் திறப்பார்கள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் ஊர்ப் பக்கமும் பூட்டிக் கிடக்கிற வீடுகள்தானே அதிகம். நானும் நீயும்கூட அப்படிப் பூட்டிவிட்டு வந்தவர்கள்தான். உன்மேல் எனக்கு அன்பு குறைந்ததால் வராமல் இருக்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. சின்னவனின் முகம் தினமும் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் தாத்தா மணி அடிக்கிற வீடியோவை இந்தச் செவ்வாய்க்கிழமை எடுத்து அனுப்புகிறேன்.

குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. கோயிலுக்குள் கோட்டைக் கழற்றுவதே இல்லை. இலை உதிர்ந்த ஆப்பிள் மரங்களில் புல்லுருவி பச்சைப் பந்தாகத் தொங்குகிறது, பார்க்கவே நன்றாக இருக்கிறது. அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு உதவி. உன் அலமாரியில் மேல் தட்டில் ஆச்சியின் பழைய தமிழ் ஜெபப் புத்தகம் இருக்கும், அட்டை போய் காக்கித்தாள் போட்டது. பாவ அறிக்கை எனக்கு மனப்பாடம், ஆனால் கிறிஸ்துமஸ் நாளுக்குரிய ஜெபம் முழுக்க நினைவில் இல்லை. அன்றைக்கு அதைத் தமிழில் வாசிக்கும்படி பாட்டி ஐயரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார், தன் நல்ல காதுப் பக்கம் நான் நிற்க வேண்டுமாம். இந்த வாரமே ஏர்மெயிலில் போட்டுவிடு. கிடைக்கத் தாமதமாகும் போலிருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, நான் ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா